உங்களுக்குத் தெரியுமா? வேறு கொட்டைகளிலும் இருக்கிறது காபி!

பச்சைக் காபிக்கொட்டையை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? காய்ந்த பயறு வாசனைதான் வரும். நாம் மயங்கும் மணம் வறுக்கும்போது பிறப்பது. விதையிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிய, நிறம் கறுத்து, கசப்பும் மணமும் சேர்கின்றன. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் மயார் பெயரால் இது மயார் வினை. இந்த வினை காபிக்கொட்டைக்கு மட்டும் சொந்தமில்லை. பல விதைகளிலும் நடக்கும்.

காஃபீன் அப்படியல்ல, அது செடியிலேயே இருக்க வேண்டும். 1819-இல் காபிக்கொட்டையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர் ரூங்கே என்ற ஜெர்மானியர். ஆராய்ந்து பார்க்கச் சொல்லி அவருக்குக் கொட்டைகளைக் கொடுத்தவர் கவிஞர் கதே!

கடையில் காஃபீன் நீக்கி ‘டிகாஃப்’ என்று விற்கும் காபியிலும் கொஞ்சம் காஃபீன் தங்கியிருக்கும். அறவே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு விதைகள் ஒரு வழி.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. காபி வரத்து நின்றது. அங்கிருந்தவர்கள் முற்றிய வெண்டைக்காயின் விதையை வறுத்துப் பொடித்துக் காபியாகக் குடித்தார்கள். கொல்லையில் முற்றிப்போன வெண்டைக்காயைத் தூக்கி எறியும்போது இது நினைவுக்கு வரட்டும்.

இத்தாலியில் வறுத்த பார்லியைக் காபிபோல இறக்கி, குழந்தைகளுக்கும் தருகிறார்கள்.

நம் வீட்டில் செய்துபார்க்க என் தேர்வு பேரீச்சங்கொட்டை. அரபு நாடுகளில் இந்தக் காபி வெகு பழக்கம். பழத்தின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொட்டை; நோன்பு மாதத்தில் கிண்ணம் கிண்ணமாகச் சேரும். சதை துளியும் ஒட்டாமல் ஊறவைத்துக் கழுவுங்கள், ஒட்டியிருந்தால் தீய்ந்துவிடும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயட்டும். பிறகு இரும்பு வாணலியில் சிறு தீயில் கிளறிக்கொண்டே அரை மணி நேரமாவது வறுக்க வேண்டும். கரும்பழுப்பு நிறம் வந்ததும் இறக்கிவிடுங்கள். கரியானால் கசப்புதான் மிஞ்சும். பச்சையாக மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். வறுத்ததை முதலில் உரலில் தட்டி நொறுக்கி, அப்புறம் அரைத்துச் சலிக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் பொடி, கூடவே ஒரு ஏலக்காய். பத்து நிமிடம் கொதித்தால்தான் திடமாக இறங்கும். பால் சேர்த்தும் குடிக்கலாம், கருப்பட்டி போட்டால் இன்னும் அருமை.

நம் சுக்கு மல்லிக் காபியும் இந்தக் குடும்பம்தான். பெயர் காபி, உள்ளே ஒரு காபிக்கொட்டைகூட இல்லை. மல்லியைத் தனியாக, வாசம் எழும் வரை வறுத்துப் பொடித்துப் பாருங்கள், சுவை வேறாக இருக்கும்.

நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் எடுத்துக்கொள்ளும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களுக்கு மல்லிப் பொடி போட்ட ஒரு டம்ளர், மாலை நேர ஆசையைத் தீர்க்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சாலையோரம் மஞ்சள் பூ பூத்து நிற்கும் பேயாவரையின் விதையையும் சில நாடுகளில் காபிக்கு வறுக்கிறார்கள். ஆனால் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் அந்த விதையைத் தின்ற குழந்தைகள் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள். பேயாவரையை வறுக்கவே வேண்டாம். பெயர் தெரியாத எந்தக் காட்டு விதையையும் வாணலியில் போடாதீர்கள்.