வீட்டுக்கு எந்த ரம்ப மிஷின்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தது ஞாபகம் இருக்கும். விடிந்து பார்த்தால் பாகூரில் எங்கள் கொல்லை வேப்பமரம் மாட்டுக் கொட்டகை மேல் சாய்ந்து கிடந்தது. மாமா வீட்டில் கரண்டில் ஓடும் ரம்ப மிஷின் இருந்தும் பயனில்லை. கரண்டே இல்லையே!

அப்புறம் அப்பா பெட்ரோல் மிஷின் வாங்கினார். கடைக்காரர் பேச்சைக் கேட்டு 22 இன்ச் பார். பெரிசா வாங்கினால் நல்லது என்ற நினைப்பு. முதல் நாளே பார் முனை ஒரு கிளையில் இடித்து, மிஷின் துள்ளி அப்பா முகத்துக்கு நேரே வந்தது. நல்லவேளை, செயின் பிரேக் பிடித்தது.

ஏன் துள்ளுகிறது? செயின் பாரின் மேல்பக்கம் முன்னோக்கி ஓடி, முனையில் வளைந்து, கீழ்ப்பக்கமாகத் திரும்பி வருகிறது. முனையின் மேல்பாதி மரத்தில் பட்டால் பல் கவ்விக்கொள்ளும். செயின் போக முடியாமல், அந்த வேகம் முழுவதும் பாரை நம் பக்கம் தூக்கி அடிக்கும். பார் நீளமானால் முனை எங்கே இருக்கிறதென்று கவனிப்பதே கஷ்டம், கனமும் கூடும். முருங்கை, வேப்பங்கிளை, சவுக்கு விறகுக்கு 14, 16 இன்ச் தாராளம். செயின் பிரேக் இல்லாத மிஷினைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

இன்னொன்று. இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலுக்கென்று தனி சம்ப் கிடையாது. பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் பிஸ்டனைக் காக்கும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. எங்கள் மிஷின் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது, அப்பாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். செயினுக்கு ஊற்றும் ஆயில் வேறு. பனை, தென்னை அறுத்தால் நார் பல்லை மழுக்கிவிடும், ஓர் உருண்டை அரமும் கூடவே வாங்கிவிடுங்கள்.