சூடு ஆறுவதற்குள்

திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்கு வரும் நான்குவழிச் சாலையில் கயத்தாறு தாண்டினால் இருபுறமும் கரிசல். சித்திரை வெயிலில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒதுங்க வேலிக்கருவை நிழலை விட்டால் வேறில்லை. அப்படியொரு நண்பகலில், இடைசெவலுக்குச் சற்று முன்னால், என் பழைய பெட்ரோல் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. திணறவில்லை, உதறவில்லை, விளக்கை அணைத்த மாதிரி நின்றது. சாவியைத் திருகினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை பட்டறையில் விட்டேன். பிளக் மாற்றினார்கள். பத்து நாளில் மறுபடி நின்றது. பெட்ரோல் ஃபில்டர் மாற்றினார்கள். மறுபடியும் நின்றது. அவர்கள் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு முறையும் அவர்கள் முன்னால் நின்றது கோளாறே இல்லாத வண்டி. சூட்டில் வரும் கோளாறு சூடு தணிந்ததும் மறைந்துவிடுகிறது. காய்ச்சல் விட்ட பிறகு தெர்மாமீட்டர் வைத்தால் என்ன தெரியும்? இப்படி நிற்கும் வண்டிக்கு வைத்தியம் பார்க்க வேண்டிய நேரம், அது நின்ற முதல் பத்து நிமிடம்.

பழைய அம்பாசிடர் ஓட்டிகளுக்கு இது அனுபவத்தில் தெரிந்திருந்தது. வண்டியில் எப்போதும் ஒரு துணியும் ஒரு கேன் தண்ணீரும் இருக்கும். கோடையில் வண்டி நின்றால் பானெட்டைத் தூக்கி, நனைத்த துணியைப் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பும். அதை வெறும் கைப்பழக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நல்ல இயற்பியல் அது.

அம்பாசிடரில் பெட்ரோல் பம்ப் எஞ்சினின் விலாவிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை அது உறிஞ்சி இழுக்க வேண்டும். பெட்ரோல் பல எண்ணெய்களின் கலவை. அதன் லேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு என்பதால் இன்னும் சீக்கிரமே கொதிக்கும். குழாயில் ஆவி அடைத்துக்கொண்டால் பம்ப் ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும், கார்புரேட்டருக்குத் திரவம் போகாது. ஓடும்போது ஒழுங்காக இருந்த வண்டி, கயத்தாற்றில் டீ குடிக்க நிறுத்தியபின் கிளம்ப மறுப்பதும் இதனால்தான். எஞ்சினை அணைத்ததும் காற்றோட்டம் நிற்கிறது, விசிறி நிற்கிறது, உள்ளே தண்ணீர் சுற்றுவது நிற்கிறது. ஆனால் இரும்பில் இருக்கும் சூடு எங்கே போகும்? பானெட்டுக்குள் வெப்பம் அடுத்த சில நிமிடங்களுக்கு ஏறத்தான் செய்யும்.

ஈரத்துணி ஏன் வேலை செய்கிறது என்பதற்கு மண்பானைதான் விளக்கம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கலோரி போதும். அதையே ஆவியாக்க 500 கலோரிக்கு மேல் வேண்டும். அந்த வெப்பத்தில் பெரும்பகுதியைத் துணி பம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு வேகமாகத் துணி காயும், பம்பும் குளிரும். கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்டதற்கு இந்த வறண்ட காற்றும் ஒரு காரணம். மருந்து தோய்த்த குச்சிகள் சீக்கிரம் காய வேண்டும். குச்சியை உலர்த்தும் அதே காற்றுதான் பம்பையும் குளிர வைத்தது. கடலோர ஊரின் புழுக்கத்தில் அந்தத் துணிக்கு இத்தனை பலன் இருந்திருக்காது.

2014-இல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுவிட்டது. அதற்கு முன்பே, 2000-ஐ ஒட்டி, கார்புரேட்டர்கள் விடைபெறத் தொடங்கியிருந்தன. இப்போது பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது. உறிஞ்சாமல், ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் முன்னோக்கித் தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும், ஆகவே ஆவி அடைப்பது அரிது. ஆனால் சூடு வேறு இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முதலில் காது வேண்டும். சாவியைத் திருகியதும் ஒன்றுமே சுற்றவில்லை, அல்லது டிக்டிக் என்று மட்டும் கேட்கிறது என்றால் பேட்டரியையும் அதன் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியையும் பாருங்கள். வேறு ஆராய்ச்சி வேண்டாம். எஞ்சின் வழக்கத்தைவிட லேசாக, ஒரே சீராக, தடங்கலே இல்லாமல் சுற்றினால் உடனே சாவியை விட்டுவிட வேண்டும். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் சில எஞ்சின்களில் வால்வு வளைந்து செலவு பல மடங்காகும். வழக்கமான தாளத்தில் செல்ஃப் அடித்து, பிடிக்க மட்டும் மறுத்தால் கேள்வி இரண்டுதான்: பெட்ரோல் ஏறுகிறதா? கரண்ட் வருகிறதா?

பெட்ரோலுக்கும் காதே போதும். செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் வரும். பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. சத்தமே இல்லையென்றால் பம்ப், அதன் ஃபியூஸ், ரிலே, இந்த மூன்றில் ஒன்று. டேங்கின் அடியில் மெல்லத் தட்டினால் சில பம்புகள் விழித்துக்கொள்ளும். பம்ப் மோட்டாரின் பிரஷ் தேய்ந்துவிட்டதற்கு அது அடையாளம், வீடு சேர்வதற்குக் கிடைத்த தவணை. பம்பைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்த பெட்ரோல்தான் என்பதால், ரிசர்வ் முள்ளிலேயே வண்டி ஓட்டும் பழக்கம் கோடையில் பம்பின் ஆயுளைக் குறைக்கிறது.

கரண்டைச் சோதிக்கப் பழைய வண்டிபோல ஒயரைப் பிடுங்கிப் பொறி பார்க்காதீர்கள். பல ஆயிரம் வோல்ட் பாயும் இடம். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரும் கெடலாம், கையும் சுடலாம். அதற்குப் பதில் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது அந்த முள் கொஞ்சமாவது எழ வேண்டும். பல கார்களில் அது பூஜ்யத்தைவிட்டு அசையவே இல்லையென்றால், எஞ்சின் சுற்றுகிறது என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்று பொருள்.

தெரிவிக்க வேண்டியது கட்டைவிரல் அளவே உள்ள கிராங்க் சென்சார். கிராங்க் ஷாஃப்டுடன் ஒரு பல்சக்கரம் சுற்றும். பெரும்பாலும் 60 பல்லுக்கு இடம் வகுத்து, இரண்டை வெட்டி எடுத்திருப்பார்கள். அந்த இடைவெளி கடக்கும்போது பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணக்காகிவிடும். பல கார்களில் இந்தச் சென்சார் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய முடியளவு மெல்லிய செம்புக்கம்பியும்தான். வயதான கம்பியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. சூட்டில் விரிந்தால் தொடர்பு அறுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. செய்தி வராத கம்ப்யூட்டர் பொறியையும் நிறுத்தும், பெட்ரோலையும் நிறுத்தும். விளக்கை அணைத்தாற்போல வண்டி நிற்பதன் காரணம் இதுதான். பெட்ரோல் தீர்ந்து நிற்கும் வண்டி திணறும், இது திணறாது.

2013-க்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் பி0335 என்ற குறியீடு சென்சாரைக் காட்டிக்கொடுக்கலாம். சில நேரம் ஒன்றுமே பதிவாகியிருக்காது, ஸ்கேனரை மட்டும் நம்பினால் மறுபடியும் பிளக் மாற்றும் படலம்தான்.

எல்லாக் கோளாறுக்கும் சூட்டைக் குற்றம் சொல்ல முடியாது. கரிசலின் நுண்புழுதி ஏர் ஃபில்டரை அடைத்தால் வண்டி இழுவை குறையும், படக்கென்று நிற்காது. சிக்னலில் மட்டும் அணைந்து உடனே பிடித்துக்கொண்டால் திராட்டிலில் அழுக்கு. டீசல் வண்டி என்றால் முதல் சந்தேகம் ஏர் பிடித்திருக்கிறதா, ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்பது. மக்காச்சோளக் காட்டை ஒட்டி இரவில் நிறுத்திய வண்டியில் எலி கடித்த ஒயரையும் தேட வேண்டும்.

என் வண்டி மூன்றாவது முறை நின்றது அதே சாலையில், நாலாட்டின்புதூர் அருகே. போனில் சொன்னதும் கோவில்பட்டியிலிருந்து ஒரு மெக்கானிக் பைக்கில் வந்தார். "அண்ணாச்சி, பானெட்டைத் தொறக்காதீக, சூடு இருக்கட்டும். நான் வந்துருதேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டிருந்தார். வந்ததும் செல்ஃப் அடிக்கச் சொல்லி ஆர்.பி.எம். முள்ளைப் பார்த்தார். அசையவில்லை. சாவியை ஆன் மட்டும் செய்யச் சொல்லிப் பின் சீட்டில் காதை வைத்தார், பம்ப் முனகியது. பிறகு பைக் பெட்டியிலிருந்து ஒரு பழந்துணியை எடுத்து, குடிதண்ணீரில் நனைத்து, சாவியை அணைத்துவிட்டு, பெல்ட் பக்கம் இருந்த சென்சாரின்மேல் போட்டார். சைலன்சர் குழாயில் ஒரு சொட்டும் படாமல் பார்த்துக்கொண்டார். மூன்று நிமிடம் இருக்கும்.

"இப்ப அடிங்க அண்ணாச்சி."

முள் எழுந்தது. வண்டி முதல் சுற்றிலேயே பிடித்தது. அவர் துணியை எடுத்துப் பிழிந்தபடி, "சென்சார்தான். வேற எதையும் மாத்திராதீக" என்றார். சென்சார் மறுபடி சூடேறுமுன் கோவில்பட்டி பட்டறைக்குப் போய்விட வேண்டும் என்று என்னை முன்னால் விட்டு, பைக்கில் பின்னாலேயே வந்தார்.