மலையேறும் முதிய வண்டிகள்

ஆண்டுதோறும் அமெரிக்க நாட்டில் விந்தையானதோர் ஊர்வலம் நடைபெறுகிறது. எண்பது, நூறு வயதைக் கடந்துவிட்ட மோட்டார் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நாட்டுப்புறச் சாலைகளில் செல்கின்றன. பித்தளை விளக்குகளும், மரத்தாலான சக்கர ஆரைகளும், திறந்த இருக்கைகளும் கொண்ட அவற்றில் பாட்டனாரும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தமர்ந்து பயணம் செய்கின்றனர். இதற்குக் கிளிடன் பயணம் என்று பெயர். 1942-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ உருவான வண்டிகளுக்கு மட்டுமே இதில் இடமுண்டு.

இவ்வளவு அரிய பொருள்களைக் காட்சிச்சாலையில் பூட்டி வைக்காமல், மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டி ஏன் துன்புறுத்த வேண்டும் என்று நமக்குத் தோன்றலாம். அதற்கு விடை காண, இப்பயணம் பிறந்த மலைநாட்டிற்கே நாம் செல்லவேண்டும்.

வெண்மலைகளின் அறைகூவல்

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ஷயர் மாநிலம் உள்ளது. அங்கே ஓங்கி நிற்கும் மலைத்தொடரை வெண்மலைகள் என்று அழைக்கின்றனர். அவற்றுள் உயர்ந்தது வாஷிங்டன் மலை. அதன் உயரம் 1,917 மீட்டர்தான் எனினும், அங்கே வீசும் காற்று உலகப் புகழ் பெற்றது. 1934-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் அதன் உச்சியில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதைக் கருவிகள் பதிவு செய்தன.

அம்மலையுச்சிக்குச் செல்லும் பாதை 1861-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை, குதிரை வண்டிகளுக்காகவே வெட்டப்பட்டது. 1899-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஃபிரீலன் ஸ்டான்லி என்பவர், தாமும் தம் இரட்டைச் சகோதரரும் சேர்ந்து உருவாக்கிய சிறிய நீராவி வண்டியில் தம் மனைவி ஃபுளோராவை அமர்த்திக்கொண்டு அப்பாதையில் ஏறினார். இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் இருவரும் உச்சியை அடைந்தனர். குதிரையின்றி அம்மலையேறிய முதல் சாலை வண்டி அதுவே.

கிளிடன் வழங்கிய கோப்பை

எனினும், மோட்டார் வண்டியை அன்றைய மக்கள் எளிதில் நம்பிவிடவில்லை. 'பணக்காரரின் விளையாட்டுப் பொருள். நான்கு மைல் போவதற்குள் நின்றுவிடும்' என்பதே பலருடைய எண்ணம். குதிரைகள் மிரண்டதால் உழவர்கள் அதை வெறுத்தனர். சாலைகளோ மழையில் சேறாகவும் வெயிலில் புழுதியாகவும் கிடந்தன.

இந்நிலையில், தொலைபேசித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவரான சார்லஸ் கிளிடன் என்பவர் ஒரு பரிசுக் கோப்பையை வழங்க முன்வந்தார். விரைந்து ஓடும் வண்டிக்கு அன்று. நெடுந்தொலைவைப் பழுதின்றிக் கடந்து நம்பத்தக்கதென மெய்ப்பிக்கும் வண்டிக்கே அக்கோப்பை உரியது. 1905-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள், முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டன. வெண்மலைகளின் மடியிலுள்ள பிரெட்டன் உட்ஸ் என்னும் ஊருக்குச் சென்று திரும்புவது திட்டம். போய்வரும் தொலைவு ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். பிற்காலத்தில், 1944-இல், பன்னாட்டு நாணய நிதியமும் உலக வங்கியும் உருவாக வழிவகுத்த மாநாடு நடைபெற்றதும் இவ்வூரில்தான்.

வழிகாட்டும் பலகைகள் அரிதாயிருந்த காலம் அது. ஆகவே இத்தகைய பயணங்களில் முன்னால் சென்ற வண்டியொன்று, சாலை பிரியும் இடங்களில் காகிதத் துணுக்குகளைத் தூவிச் சென்றது. பின்வந்தோர் அவற்றைப் பார்த்து வழி கண்டனர். அவ்வாண்டு கோப்பையை வென்றவர் பெர்சி பியர்ஸ். அவர் ஓட்டியது தம் தந்தையின் தொழிற்சாலையில் செய்த வண்டி. பறவைக் கூண்டுகளும் மிதிவண்டிகளும் செய்துவந்த அத்தொழிற்சாலை, அதன்பின் நாடறிந்த மோட்டார் நிறுவனமாயிற்று.

ஓடையில் விழுந்த வண்டி

ஆனால் மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது கோப்பை வென்றவரின் பெயர் மட்டுமன்று. அப்பயணத்தில் வண்டி ஓட்டிய ஒரே பெண்மணி, இரு குழந்தைகளின் தாயான திருமதி ஜோன் நியூட்டன் கூனியோ. புறப்பட்டுச் சிறிது தொலைவு செல்வதற்குள், கனெடிகட் மாநிலத்தின் கிரீனிச் என்னும் ஊரருகே, அவருடைய நீராவி வண்டி பாலமொன்றிலிருந்து ஓடையில் விழுந்தது. பயணம் அத்துடன் முடிந்தது என்றே கண்டவர்கள் எண்ணியிருப்பர். அவரோ வண்டியை மேலே ஏற்றச் செய்து, பழுதைச் சரிப்படுத்தி, மீண்டும் ஓட்டிச் சென்று ஏனையோருடன் சேர்ந்துகொண்டார்.

பின்வந்த ஆண்டுகளிலும் அவர் கிளிடன் பயணங்களில் பங்குபெற்றார். 1909-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த பந்தயங்களில் புகழ்பெற்ற ஆடவர்களுக்கு ஈடாக ஓட்டிப் பரிசுகளும் பெற்றார். அதன் விளைவு என்ன? அதே ஆண்டில், அமெரிக்க மோட்டார் கழகம் தன் போட்டிகளில் பெண்கள் பங்குபெறலாகாது எனத் தடை விதித்தது! ஓடையால் நிறுத்த இயலாத பெண்மணியை ஒரு விதி நிறுத்திவிட்டது.

ஏற்றமும் இறக்கமும்

பழைய வண்டிக்கு மலை என்பது எத்தகைய சோதனை என்பதை நாம் சற்றுச் சிந்திக்கலாம். மேலே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. அதனால் பெட்ரோல் சரிவர எரியாமல் எஞ்சினின் வலிமை குறைகிறது. வாஷிங்டன் மலையுச்சியில் தண்ணீர் 100 பாகைக்குக் காத்திராமல் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். வலிமை மிகுதியாக வேண்டிய இடத்தில்தான் ரேடியேட்டரும் பொங்குகிறது.

ஃபோர்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற 'டி' வகை வண்டியில் வேறொரு வேடிக்கை உண்டு. அதில் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில் உள்ளது. எண்ணெய் தானாக வழிந்தே எஞ்சினுக்குச் செல்லவேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் உயர்ந்துவிடுவதால் எண்ணெய் எட்டாது. அப்போது ஓட்டுநர் வண்டியைத் திருப்பி, பின்னோக்கியே மலை ஏறுவார்!

ஏற்றத்தைவிட இறக்கம் கொடிது. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. அதை இடைவிடாமல் அழுத்தினால் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஆதலால் தாழ்ந்த கியரில் போட்டு, எஞ்சினே வண்டியைத் தடுத்து நிறுத்தும்படி மெல்ல இறங்கவேண்டும். எவ்வளவு அவசரமாயினும் இதற்குக் குறுக்கு வழி இல்லை.

நிற்பதற்கும் ஒரு பயன்

1913-ஆம் ஆண்டோடு பழைய கிளிடன் பயணங்கள் முடிவுற்றன. வண்டிகள் நம்பத்தக்கவை என்பதை மக்கள் அதற்குள் ஏற்றுக்கொண்டுவிட்டனர். பின்னர் 1946-இல், பழைய வண்டிகளைப் போற்றும் அன்பர்கள் இப்பயணத்திற்குப் புத்துயிர் அளித்தனர். இன்று இரண்டு சங்கங்கள் இதை மாறிமாறி நடத்துகின்றன; ஆண்டுக்கொரு வட்டாரத்தைத் தேர்ந்துகொள்கின்றன.

பழைய பயணத்திற்கும் புதியதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அன்று நில்லாமல் ஓடுவதே பெருமை. நின்றவனைக் கடந்து செல்பவனே முன்னேறினான். இன்று வெற்றி தோல்வி முதன்மையன்று. வழியில் ஒரு வண்டி நின்றால், பின்னால் வருபவர் தம் வண்டியையும் நிறுத்துகிறார். ஒருவர் திருகுசாவியை நீட்டுகிறார். இன்னொருவர் கம்பித்துண்டைத் தேடி எடுக்கிறார். எதுவும் இயலாதபோது, அனைவருக்கும் பின்னால் வரும் மீட்பு வண்டி அதை ஏற்றிக்கொள்கிறது. இரவில் விடுதி முற்றத்தில் விளக்கு வைத்துக்கொண்டு பழுது பார்ப்பவர்களைக் காணலாம்.

அந்த உதவி வெறும் நட்பினால் மட்டும் வருவதன்று; அது தேவையினால் வருவது. பெர்சி பியர்ஸின் வண்டியைச் செய்த நிறுவனம் 1938-இல் மூடப்பட்டது. அதைப் போன்றே மறைந்த நிறுவனங்கள் நூற்றுக்கணக்கானவை. உடைந்த உறுப்பைக் கடையில் வாங்க இயலாது. லேத்தில் கடைந்து செய்யவோ, வெள்ளீயக் கலவையை உருக்கித் தாங்கியில் வார்க்கவோ, மர ஆரையைச் செதுக்கிப் பொருத்தவோ தெரிந்தவர் வேண்டும். தெரிந்தவர்களில் பலர் முதியவர்கள். அவர்கள் அறிவை எந்தக் காட்சிச்சாலையிலும் பூட்டி வைக்க முடியாது. வண்டி ஓடினால்தான் பழுதுபடும். பழுதுபட்டால்தான் முதியவர் கை வேலை செய்யும். அதை அருகில் நின்று விளக்குப் பிடிக்கும் சிறுவன் கற்றுக்கொள்வான். முதலில் நாம் எழுப்பிய வினாவிற்கு விடை இதுவே. அவ்வண்டிகளை மலையேற்றுவது அவற்றைத் துன்புறுத்துவதன்று. அவற்றை அறிந்த கைகளை அழியாமல் காப்பது.

நம் இல்லங்களிலும் இத்தகைய கைகள் உண்டு. கிணற்று ராட்டினத்தைச் செப்பனிடத் தெரிந்த தாத்தாவும், தையல் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் குறையைச் சொல்லும் பாட்டியும் நம்மிடையே வாழ்கின்றனர். மரியாதையோடு அவர்களை ஓர் இருக்கையில் அமர்த்திவிட்டு, வேலையை நாமே பார்த்துக்கொள்கிறோம். அவர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்து, அருகில் பேரப்பிள்ளையை அமரச் செய்வதே அதனினும் உயர்ந்த மரியாதை. வேலை சற்று மெல்ல நடக்கும், அதனால் என்ன? பின்னால் வருபவர்கள் சிறிது காத்திருக்கலாம்.