வாசலிலேயே கேட்டுவிடலாம்: லாகின் வேலையை வெப் சர்வரிடம் கொடுப்பது எப்படி?

மினி ப்ராஜெக்ட்டுக்கு எந்தத் தலைப்பை எடுத்தாலும் முதல் இரண்டு வாரம் லாகின் பக்கத்திலேயே போய்விடும். யூசர் டேபிள், பாஸ்வேர்டு ஹாஷ், செஷன், "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" லிங்க்... இதெல்லாம் முடித்து மூச்சு விடும்போதுதான் உண்மையான ப்ராஜெக்ட்டே ஆரம்பிக்கும்.

அப்படியும் ஓட்டை விழும். இருபது பக்கங்களில் பத்தொன்பதில் செஷன் இருக்கிறதா என்று சரியாக செக் பண்ணியிருப்பீர்கள். ரிவியூவுக்கு முந்தின நாள் ராத்திரி அவசரமாகச் சேர்த்த "எக்செல் டவுன்லோடு" பக்கத்தில் மட்டும் அந்த ஒரு வரி விட்டுப் போயிருக்கும். அந்த லிங்க் தெரிந்த யாரும் உங்கள் டிபார்ட்மெண்ட் மொத்தத்தின் போன் நம்பரையும் லாகினே இல்லாமல் அள்ளிக்கொண்டு போகலாம்.

கோவிலம்பாக்கத்தில் 200 அடி ரேடியல் ரோட்டுப் பக்கம் இருக்கும் அபார்ட்மெண்ட்டுகளை நினைத்துப் பாருங்கள். கொரியர் கொண்டு வருபவரை ஒவ்வொரு வீட்டுக்காரரும் கதவைத் திறந்து "யாருப்பா நீ?" என்று விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன் நோட்டில் பெயர் எழுதச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவார். வெப் அப்ளிகேஷனுக்கும் அப்படி ஒரு கேட் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர். ஆள் யார் என்று விசாரிக்கும் வேலையை அதனிடமே விட்டுவிடலாம்.

இது எப்படி வேலை செய்கிறது?

புதுசு ஒன்றும் இல்லை. "பேசிக் ஆத்தென்டிகேஷன்" என்ற இந்த முறை 1996-இல் வந்த ஹெச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே (ஆர்எஃப்சி 1945) இருக்கிறது. 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7617 இதற்கான இப்போதைய விதிமுறை.

நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்கிறீர்கள். சர்வர் பக்கத்தைத் தராமல் 401 என்று பதில் சொல்கிறது. "நீ யார்னு சொல்லு" என்று அர்த்தம். உடனே பிரவுசரே ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இந்தப் பெட்டிக்காக நீங்கள் ஒரு வரி ஹெச்டிஎம்எல் கூட எழுத வேண்டாம். அடுத்த ரிக்வெஸ்ட்டிலிருந்து பிரவுசர் அந்த இரண்டையும் ஆத்தரைசேஷன் ஹெடரில் வைத்து அனுப்பிக்கொண்டே இருக்கும். சர்வர் தன்னிடம் உள்ள பாஸ்வேர்டு ஃபைலோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் மட்டும் ரிக்வெஸ்ட்டை உங்கள் கோடுக்குத் தள்ளிவிடும். கூடவே "ரிமோட் யூசர்" என்ற வேரியபிளில் பெயரையும் கொடுக்கும். உங்கள் கோடு அந்தப் பெயரைப் படித்தால் போதும். பாஸ்வேர்டைத் தொடவே வேண்டாம்.

அப்பாச்சியில் இதற்கு நாலைந்து வரி கான்ஃபிக். என்ஜின்எக்ஸில் இரண்டே வரி. பாஸ்வேர்டு ஃபைலை உருவாக்க "ஹெச்டிபாஸ்வேர்டு" என்ற கமாண்டு இருக்கிறது. அதில் பிகிரிப்ட் ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஃபைலை வெப்சைட் ஃபோல்டருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஜாங்கோ பயன்படுத்துபவர்களுக்கு "ரிமோட் யூசர் மிடில்வேர்" ரெடியாக இருக்கிறது; சர்வர் சொன்ன பெயரை அதுவே எடுத்துக்கொள்ளும்.

நம்ம ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து ஒரு பாடம்

"என் அப்ளிகேஷனே செக் பண்ணுதே, அது போதாதா?" என்று கேட்கலாம். தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் போனால் கூடுவாஞ்சேரி பக்கம் ஜோஹோ நிறுவனம் இருக்கிறது. அதன் மேனேஜ்என்ஜின் பிரிவு தயாரிக்கும் "ஏடி செல்ஃப்சர்வீஸ் பிளஸ்" பல நாடுகளில் அலுவலக ஊழியர்களின் பாஸ்வேர்டுகளை நிர்வகிக்கும் மென்பொருள். 2021 செப்டம்பரில் அதில் சிவிஇ-2021-40539 என்ற ஓட்டை வெளியே வந்தது. பத்துக்கு 9.8 என்ற அளவுக்கு ஆபத்தானது.

நடந்தது இதுதான். ஒரு குறிப்பிட்ட பாதையில் தொடங்கும் முகவரி வந்தால் லாகின் கேட்க வேண்டும் என்று அப்ளிகேஷனில் ஒரு ஃபில்டர் இருந்தது. முகவரிக்கு நடுவில் ஒரு சாய்கோடும் புள்ளியும் கூடுதலாகச் செருகினால், "இது நம்ம லிஸ்ட்ல இல்லையே" என்று ஃபில்டர் விட்டுவிட்டது. பின்னால் இருந்த சர்வர் பகுதியோ அந்தப் புள்ளியைத் துடைத்துவிட்டு, பூட்டியிருக்க வேண்டிய அதே கதவைத் திறந்து கொடுத்தது. காவல் காப்பவர் ஒரு முகவரியைப் படித்தார்; கதவைத் திறப்பவர் வேறு முகவரியைப் படித்தார்.

நிறுவனம் 6114 என்ற பில்டில் இதைச் சரிசெய்தது. ஆனால் அப்டேட் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதில் ஒன்று சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம். 2021 நவம்பரில் உள்ளே நுழைந்தவர்களை 2022 ஜனவரியில்தான் கண்டுபிடித்தார்கள். போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள் என்று 5,15,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் வெளியாள் கைக்குப் போயின. ஒரு புள்ளி செய்த வேலை இது.

தேர்ந்த எஞ்சினியர்கள் எழுதிய மென்பொருளிலேயே இப்படி என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு நாம் எழுதும் ஃபில்டரை எவ்வளவு நம்பலாம்? "இந்தப் பக்கங்களை மட்டும் பூட்டு" என்று லிஸ்ட் போட்டால், லிஸ்ட்டில் விட்டுப்போனதெல்லாம் திறந்தே கிடக்கும். "எல்லாவற்றையும் பூட்டு, இந்த ஒன்றை மட்டும் திற" என்று சொன்னால், மறந்துபோன பக்கமும் பூட்டியே இருக்கும். சர்வரில் முழு தளத்துக்கும் சேர்த்துப் பூட்டுப் போடுவது இரண்டாவது வகை.

சர்வரிலும் தப்பு வரும். அடுத்த மாதமே, 2021 அக்டோபரில், அப்பாச்சி 2.4.49-இல் இதே மாதிரி பாதையைச் சரியாகப் படிக்காத ஓட்டை ஒன்று வந்தது. அவசரமாக விட்ட 2.4.50-உம் போதவில்லை, 2.4.51-இல்தான் முழுசாக அடைத்தார்கள். அப்போதும், சர்வரின் மற்ற ஃபோல்டர்களை "எல்லோருக்கும் மறுப்பு" என்று முன்கூட்டியே பூட்டி வைத்திருந்தவர்களின் ஃபைல்கள் தப்பின.

கேட் மட்டும் போதாது

முதலில், ஹெச்டிடிபிஎஸ் கட்டாயம் வேண்டும். பேசிக் முறையில் பாஸ்வேர்டு பேஸ்64 வடிவில் போகிறது. அது பூட்டு இல்லை, வேறு எழுத்தில் எழுதிய மாதிரிதான். யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிப் படித்துவிடலாம்.

அடுத்தது பின்வாசல். என்ஜின்எக்ஸ் முன்னால் நிற்க, உங்கள் அப்ளிகேஷன் 8000 போர்ட்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 8000 வெளியுலகுக்கும் திறந்திருந்தால், காம்பவுண்ட் சுவர் இடிந்த அபார்ட்மெண்ட்டுக்கு முன்னால் செக்யூரிட்டி போட்ட கதைதான். வருபவர் ஹெடரில் "நான்தான் அட்மின்" என்று தானே எழுதி அனுப்பினால் உங்கள் கோடு நம்பிவிடும். அப்ளிகேஷனை 127.0.0.1-இல் மட்டும் கேட்க வையுங்கள். வெளியிலிருந்து வரும் பெயர் ஹெடரை அழித்துவிட்டு, சர்வரே தன் கையால் எழுதி அனுப்பட்டும்.

கடைசியாக, கேட்டில் இருப்பவர் "இவர் யார்" என்றுதான் சொல்வார். "இவர் எந்த வீட்டுக்குள் போகலாம்" என்பது உங்கள் பொறுப்பு. ஒரு மாணவர் லாகின் செய்துவிட்டு, முகவரியில் ரோல் நம்பரை மாற்றிப் போட்டு இன்னொருவரின் மார்க்கைப் பார்க்க முடிந்தால், அது சர்வரின் தப்பு இல்லை. அந்தச் சோதனையை உங்கள் கோடுதான் செய்ய வேண்டும்.

எங்கே பயன்படும், எங்கே பயன்படாது?

டிபார்ட்மெண்ட் டூல், அட்மின் பக்கம், டீமுக்கு மட்டுமான டெஸ்ட் சைட் இதற்கெல்லாம் கச்சிதம். யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளும் தளம், ஓடிபி வேண்டிய இடம் என்றால் பேசிக் முறை ஒத்துவராது. ஒழுங்கான லாக்அவுட் பட்டன் கூட இதில் கிடையாது. அதற்காக எல்லாவற்றையும் நீங்களே எழுத வேண்டும் என்றும் இல்லை. கல்லூரியில் எல்டாப் சர்வர் இருந்தால் அப்பாச்சி அதனிடமே கேட்டுக்கொள்ளும். ஓப்பன்ஐடி கனெக்ட் மூலம் கூகுள் கணக்கில் நுழைய வைக்கும் மாட்யூலும் இருக்கிறது. என்ஜின்எக்ஸில் "ஆத் ரிக்வெஸ்ட்" என்ற வசதி, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டையும் நீங்கள் சொல்லும் தனி சர்வீஸிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும்.

இன்றைக்கே உங்கள் ப்ராஜெக்ட்டில் மூன்று சோதனை செய்து பாருங்கள். இன்காக்னிட்டோவில் ஒவ்வொரு முகவரியையும் நேராக அடியுங்கள்: 401 வருகிறதா? அதே வைஃபையில் இருக்கும் நண்பரின் லேப்டாப்பிலிருந்து அப்ளிகேஷன் போர்ட்டைத் தட்டுங்கள்: திறக்காமல் இருக்கிறதா? உங்கள் பெயரில் லாகின் செய்துகொண்டு, ஹெடரில் பொய்யாக வேறொரு பெயரை அனுப்புங்கள்: உங்கள் பெயர்தான் கோடுக்குப் போகிறதா? மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் கேட் சரியாக இருக்கிறது. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் தாராளமாக வரட்டும்.