சாஸ்ஸிகாயா

சாஸ்ஸிகாயா என்பது இத்தாலியின் டஸ்கனி பகுதியில், திர்ரேனியக் கடலை அடுத்துள்ள பொல்கெரி வட்டாரத்தில் தயாராகும் சிவப்பு வைன் ஆகும். இன்ச்சீசா டெல்லா ரொக்கெத்தா குடும்பத்தின் தெனுத்தா சான் குவீதோ பண்ணை இதைத் தயாரிக்கிறது. இத்தாலிய மொழியில் 'சாஸ்ஸோ' என்றால் கல். கற்கள் நிறைந்த நிலம் என்பதே பெயரின் பொருள். புதிதாக இருந்தபோது பலருக்குப் பிடிக்காத இந்த வைன், முதிர்ந்த பிறகே மதிப்புப் பெற்றது.

தோற்றம்

மாரியோ இன்ச்சீசா டெல்லா ரொக்கெத்தா 1920களில் பீசா நகரில் படித்தவர். பிரான்சின் போர்தோ வைனைப் போன்ற ஒன்றைத் தம் நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்பது அவரது ஆசை. மனைவி கிளாரிச்சேயின் குடும்பம் வழியாகப் பொல்கெரி நிலம் அவரிடம் வந்தது. 1944இல் அங்கே, கடற்காற்று நேரே படாத ஒரு மலைச்சரிவில் கபர்னே வகைத் திராட்சைப் பதியன்களை நட்டார். (குதிரைப் பந்தயம் அறிந்தவர்களுக்கு அவர் வேறு வகையில் அறிமுகம்: புகழ்பெற்ற ரிபோ குதிரையை வளர்த்த பண்ணையின் பங்குதாரர் அவர்.)

1948 முதல் 1967 வரை இந்த வைன் விற்பனைக்கு வரவில்லை, பண்ணையிலேயே அருந்தப்பட்டது. மென்மையான உள்ளூர் வைனுக்குப் பழகிய நாக்குகளுக்கு இதன் துவர்ப்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் மாரியோ ஆண்டுதோறும் சில பெட்டிகளை நிலவறையில் ஒதுக்கி வைத்தார். சில ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது கரடுமுரடு தணிந்து சுவை கூடியிருந்தது. 1968ஆம் ஆண்டு விளைச்சலே முதன்முதலில் கடைக்கு வந்தது. தயாரிப்பு முறையைச் செம்மைப்படுத்தியதில் வைன் வல்லுநர் ஜாக்கொமோ தாக்கிஸுக்குப் பெரும் பங்கு உண்டு.

முதிர்ச்சி எப்படி நிகழ்கிறது?

இது மாணவர்களுக்கு நல்லதொரு வேதியியல் பாடம். திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ளது. கடுக்காயை மென்றாலும், கடுந்தேநீர் குடித்தாலும் நாக்கு வறண்டு இழுப்பது இதனால்தான். எச்சிலில் உள்ள புரதங்களோடு டானின் ஒட்டிக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. கபர்னே சோவிஞ்ஞோன் பழம் சிறியது, தோல் தடித்தது. ஆகவே அதில் டானின் மிகுதி.

பிழிந்து நொதித்த வைன் முதலில் ஓக் மரப் பீப்பாய்களில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருக்கும். மரத்தின் வழியே மிகச் சிறிதளவு ஆக்சிஜன் உள்ளே கசியும். பிறகு புட்டியில் அடைத்தாலும் வினைகள் நிற்பதில்லை. டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும், நிறமிகளோடும் இணைகின்றன. துவர்ப்பு மெல்ல மென்மையாகிறது. ஒரு பகுதி கரைசலில் நிற்க முடியாமல் அடியில் மண்டியாகப் படிகிறது. ஊதா கலந்த சிவப்பு, செங்கல் நிறத்துக்கு மாறுவதும் இதனாலேயே. பழைய புட்டியைத் தெளிவிறுத்து ஊற்றுவது மண்டியை விலக்கத்தான்.

டானின் மட்டும் போதாது, புளிப்பும் வேண்டும். புளிப்பு குறைந்த வைன் விரைவில் கெட்டுவிடும். "பழைய வைன் எல்லாம் நல்ல வைன்" என்ற பரவலான எண்ணம் சரியல்ல. உலகில் தயாராகும் வைனில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கானதே.

பொல்கெரியில் கடலும் இதற்கு உதவுகிறது. கடற்காற்று கோடை வெப்பத்தைத் தணித்துப் புளிப்பைக் காக்கிறது. குலைகளை உலர்வாக வைத்துப் பூஞ்சை நோயைக் குறைக்கிறது. கடலோர நிலம் நல்ல வைனுக்கு ஆகாது என்ற பழைய எண்ணத்துக்கு இது நேர்மாறு.

சட்டமும் தரமும்

இத்தாலியச் சட்டம் அந்தந்த வட்டாரத்துக்குரிய திராட்சைகளை வைத்தே தரப்பெயர் வழங்கியது. பொல்கெரியில் கபர்னே வைனுக்கு அப்படி ஒரு வகையே இல்லை. எனவே 1978இல் லண்டனில் 'டிகான்டர்' இதழ் நடத்திய கபர்னே வைன் ஒப்பீட்டில் 1972ஆம் ஆண்டு சாஸ்ஸிகாயா முதலிடம் பெற்றபோதும், சட்டப்படி அது வெறும் 'மேசை வைன்', அதாவது கடைசித் தரம். 1994இல்தான் பொல்கெரி தரப்பெயருக்குள் இதற்கு இடம் கிடைத்தது. 2013இல் தனித் தரப்பெயரே வழங்கப்பட்டது. அதன்படி குறைந்தது 80 விழுக்காடு கபர்னே சோவிஞ்ஞோன் இருக்க வேண்டும். பண்ணை வழக்கமாகச் சேர்ப்பது 85 விழுக்காடு, மீதி கபர்னே பிராங்க்.

இதன் விளைச்சல்களில் அதிகம் பேசப்படுவது 1985. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அதற்கு 100 புள்ளிகள் கொடுத்தார்.