பந்துக்காக மைதானத்தை வெட்டலாமா?

செருப்புக்கு ஏற்பக் காலை வெட்டுவதா என்று கேட்பதுண்டு. உலகின் பழம்பெரும் கோல்ஃப் மைதானங்களில் இன்று நடப்பது ஏறத்தாழ அதுதான்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள 'ஓல்டு கோர்ஸ்' இந்த விளையாட்டின் தாய்வீடாகக் கருதப்படுகிறது. ஒரு சுற்றுக்கு 18 குழிகள் என்ற கணக்கு 1764-இல் அங்குதான் உருவானது. அது செல்வந்தர்களின் தனிச் சொத்து அன்று. 1974-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டப்படி அமைந்த அறக்கட்டளை நிர்வகிக்கும் பொதுநிலம். பொதுவாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது. ஊர்மக்கள் அங்கு உலவலாம்.

இத்தகைய மைதானங்களுக்கு வந்துள்ள நெருக்கடி, பந்து பறக்கும் தொலைவு. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் முதல் அடி 1980-இல் சராசரியாகச் சுமார் 257 கெஜம் சென்றது. 2023-இல் ஏறத்தாழ 300 கெஜம். டைட்டானிய மட்டைகளும் புதுவகைப் பந்துகளும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஆட்டக்காரரைச் சிந்திக்க வைத்த மணற்பள்ளங்களைப் பந்து இப்போது எளிதாகத் தாண்டிவிடுகிறது.

விளைவு, மைதானங்கள் நீள்கின்றன. 2010 ஓப்பன் போட்டிக்காக ஓல்டு கோர்ஸின் புகழ்பெற்ற 17-ஆவது குழியின் தொடக்க மேடை 40 கெஜம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அமெரிக்காவின் அகஸ்டா மைதானம் 1997-இல் 6,925 கெஜம். 2023-இல் 7,545 கெஜம். அகஸ்டாவால் பக்கத்து நிலத்தை விலைக்கு வாங்க முடிந்தது. வீடுகளும் சாலையும் கடலும் சூழ்ந்த பழைய மைதானங்கள் எங்கே போகும்?

பொருளியல் கற்பித்தவனுக்கு இது பழகிய கணக்கு. கூத்துப் பார்க்க அமர்ந்த கூட்டத்தில் முன்வரிசை எழுந்தால் பின்வரிசையும் எழவேண்டும். முடிவில் யாருக்கும் காட்சி கூடுவதில்லை, கால்வலியே மிச்சம். எல்லோரது பந்தும் தொலைவாகப் பறந்தால் எவருக்கும் தனி ஆதாயம் இல்லை. ஆனால் கூடுதல் நிலம், நீர், பராமரிப்பு ஆகியவற்றின் செலவு மைதானத்தின் தலையில் விழுகிறது. பந்தை விற்பவர் அந்தச் செலவை ஏற்பதில்லை. இதையே புறவிளைவு என்கிறோம். தனியொருவர் விலகி நின்று இதைத் தீர்க்க முடியாது, பொதுவிதிதான் தீர்க்கும்.

அத்தகைய விதியை ஆர் அண்டு ஏ, அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஆகிய இரு அமைப்புகளும் 2023 டிசம்பரில் அறிவித்தன. பந்துக்கான சோதனையைக் கடுமையாக்கும் அந்த விதியால், மிகத் தொலைவாக அடிப்பவர்கள் 13 முதல் 15 கெஜம் வரை இழப்பார்கள். சாதாரண ஆட்டக்காரர்களின் இழப்பு பெரும்பாலும் 5 கெஜத்துக்குள் அடங்கும் என்பது அவற்றின் மதிப்பீடு. தொலைவே பார்வையாளர்களை ஈர்க்கிறது என்பது எதிர்ப்போரின் வாதம். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் இன்றும் மரமட்டைக்கு மட்டுமே அனுமதி. அதனால் அங்கு கூட்டம் குறைந்துவிடவில்லை.

பாதுகாப்பு என்றால் உறையவைப்பது என்று பொருளன்று. ஓல்டு கோர்ஸையே 19-ஆம் நூற்றாண்டில் டாம் மோரிஸ் திருத்தியிருக்கிறார். கடல் அரிப்பைத் தடுப்பதும் வடிகாலைச் சீரமைப்பதும் மைதானம் வாழ்வதற்கான மாற்றங்கள். ஆனால், சில ஆண்டுகளில் பழசாகிவிடும் ஒரு பந்துக்காகப் பல நூற்றாண்டு கண்ட நிலத்தை மாற்றுவது வேறு. பந்தை நாளையே மாற்றிவிடலாம்; இழந்த நிலவடிவை மீட்க இயலாது. எளிதில் மாறக்கூடியதே மாறட்டும்.