ரிப்போர்ட்டை பிளாக்செயின்ல போடலாமா?

பெரம்பலூர் ஜி.எச்.ல எடுத்த சிடி ஸ்கேன், அரியலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை டாக்டருக்கும் தெரியணும். உடனே பிளாக்செயின்னு சொல்வீங்க (ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல பாதி அதானே!). கொஞ்சம் பொறுங்க. ஒரு ஸ்கேனே நூற்றுக்கணக்கான எம்பி வரும். அதை ஒவ்வொரு நோடிலும் நகல் வைக்கணும். அதைவிடப் பெரிய சிக்கல், எழுதினதை அழிக்க முடியாது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நம்ம தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருது. ரத்த வகையைத் தப்பா டைப் பண்ணினா, அந்தத் தப்பையும் பிளாக்செயின் பத்திரமா வச்சிருக்கும்!

எஸ்டோனியாவில் ரிப்போர்ட் வழக்கமான டேட்டாபேஸ்லதான் இருக்கு. யாராவது மாத்தினாங்களான்னு பார்க்க ஹாஷ் மட்டும் பிளாக்செயின்ல. நம்ம 14 இலக்க ஆபா எண் முறையில், ரிப்போர்ட் எடுத்த மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளி சம்மதிச்சா அடுத்த டாக்டருக்குப் போகும். எனக்கு இதுவே போதும்னு தோணுது. வேப்பூர்லேர்ந்து பஸ் ஏறி வர்ற பாட்டி, தொலைஞ்சா திரும்பக் கிடைக்காத பிரைவேட் கீயை எங்கே வைப்பாங்க, சுருக்குப் பையிலயா?